மாணிக்கக் குழிகளில் ஒரு தொலைந்த உலகம்: பி.ஈ.பி. தெரணியகலவின் வாழ்வும் பணியும்

இலங்கைத் தீவின் காடுகளில் ஒரு காலத்தில் சிங்கங்கள் உலாவின என்று 1939ஆம் ஆண்டில் ஒருவர் எழுதியபோது, அதற்கு ஆதாரமாக அவரிடம் இருந்தவை இரண்டு பற்கள் மாத்திரமே. இரத்தினபுரிக்கு அண்மையிலுள்ள குருவிட்ட என்னும் இடத்தில் ஆற்றுப் படிவுகளிலிருந்து அவை கிடைத்தன. கொடிகளிலும் அரச இலச்சினைகளிலும் பழங்கதைகளிலும் அன்றி வேறெங்கும் சிங்கத்தைக் கண்டிராத ஒரு நாட்டில், உண்மையான சிங்கத்தின் பல்லைக் கையில் வைத்துக்கொண்டு பேசிய அந்த மனிதர்தான் பி.ஈ.பி. தெரணியகல. கொழும்பு தேசிய நூதனசாலையின் பணிப்பாளராக 1939 முதல் 1963 வரை கடமையாற்றியவர். இலங்கையின் உயிர்ச்சுவட்டியல் என்று இன்று அறியப்படும் துறையில் பெரும்பகுதி இவரொருவரின் உழைப்பிலே கட்டப்பட்டதெனின் அது மிகையன்று.

1900ஆம் ஆண்டு பிறந்த இவரது குடும்பம் இலங்கையின் அறிவுலகில் தனியிடம் பெற்ற குடும்பம். தந்தையார் சேர் போல் ஈ. பீரிஸ் போர்த்துக்கேயர் கால வரலாற்றை எழுதியவர் என்ற வகையில் நாடறிந்தவர். யாழ்ப்பாணத்தவர்களுக்கு அவரை வேறொரு காரணத்தாலும் தெரியும். கந்தரோடையில் காணப்பட்ட பௌத்த எச்சங்களைப் பற்றியும் நாகதீபம் பற்றியும் 1917இலும் 1919இலும் அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளை இதழில் கட்டுரைகள் எழுதியவர் அவரே. அக்கட்டுரைகள் தொடக்கி வைத்த விவாதம் ஒரு நூற்றாண்டு கடந்தும் ஓயவில்லை. பிள்ளைகளில் ஜஸ்டின் '43 குழுவின் ஓவியர்களுள் ஒருவரானார். ரல்ஃப் நாடாளுமன்றச் செயலாளராகப் பணியாற்றினார். மூத்தவரான போலஸோ தந்தை தேடிய இரண்டாயிரம் ஆண்டுப் பழைமையோடு அமைதி கொள்ளாமல், அதற்கும் அப்பால் மனிதனே இல்லாத காலத்துக்குப் போக விரும்பினார்.

பரி. தோமையர் கல்லூரியிலும் கேம்பிரிட்ஜிலும் ஹார்வர்டிலும் கற்றுத் திரும்பிய இவரது தொடக்கப் பணி நிலத்தில் அன்று, கடலிலும் ஆற்றிலுமே அமைந்தது. 1920களில் கடல்வாழ் உயிரியல் துறையில் பதவியேற்ற இவர் மீன்களையும் கடலாமைகளையும் ஆராய்ந்தார். இலங்கையின் ஈரவலயத்து ஓடைகளில் வாழும் சிறிய சிவப்பு மீனொன்றை 1929இல் இவர் முதன்முதலாக விவரித்துப் பெயரிட்டார். இன்று உலகெங்கும் வரவேற்பறைகளின் கண்ணாடித் தொட்டிகளில் நீந்தும் 'செரி பார்ப்' என்ற மீன் அதுதான். அதனை விலைக்கு வாங்கும் எத்தனை பேருக்கு அதன் தாயகம் இலங்கையின் நிழலோடைகள் என்று தெரியும்? ஊர்வன பற்றிய இவரது பெருநூலின் முதற்பாகம் 1939இல் வெளியாயிற்று. அதே ஆண்டிலேயே நூதனசாலைப் பொறுப்பும் இவர் கைக்கு வந்தது.

அந்த நூதனசாலைக் கட்டடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1877 ஜனவரி முதலாம் திகதி திறக்கப்பட்ட அம்மாளிகையைக் கட்டி முடித்தவர் வாப்பிச்சி மரிக்கார் என்ற முஸ்லிம் ஒப்பந்தகாரர். திறப்பு விழாவன்று ஆளுநர் கிரகரி, உமக்கு என்ன வெகுமதி வேண்டும் என்று வினவியபோது, வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடிவைக்க வேண்டும் என்பதை மாத்திரமே அவர் கேட்டார் என்பது கொழும்பு முஸ்லிம்களிடையே தலைமுறைகளாக வழங்கும் செய்தி. நூதனசாலை நெடுங்காலம் வெள்ளிக்கிழமைகளில் மூடப்பட்டே இருந்தது. ஒரு சமூகத்தவர் கட்டிய வீட்டில் இன்னொரு சமூகத்தவர் இருந்துகொண்டு, எச்சமூகமும் தோன்றியிராத காலத்தின் எலும்புகளை அடுக்கி வைத்தார் என்பதை நினைக்கையில் ஒருவகை நிறைவு ஏற்படுகின்றது.

தெரணியகலவின் உண்மையான ஆய்வுகூடம் இரத்தினபுரியின் மாணிக்கக் குழிகளே. மாணிக்கம் எடுக்கும் முறையை அறிந்தவர்களுக்கு இதன் பொருத்தம் எளிதில் விளங்கும். வயலிலோ ஆற்றங்கரையிலோ குழி தோண்டி, பக்கங்கள் இடிந்து விழாதபடி மரச்சட்டங்களும் இலைகுழைகளும் கொடுத்து, ஊறும் நீரை இறைத்துக்கொண்டே கீழிறங்கினால், சில அடிகளிலோ பல பத்து அடிகளிலோ பருக்கைக் கற்கள் நிறைந்த ஒரு படை தட்டுப்படும். சிங்களத்தில் அதற்கு 'இல்லம' என்று பெயர். பழங்கால ஆறுகள் மலையிலிருந்து உருட்டிக் கொணர்ந்து தேக்கிய படிவு அது. அப்படையை மேலே ஏற்றிக் குவித்து, பிரம்புக் கூடைகளில் இட்டு, நீரில் அமிழ்த்திச் சுழற்றுவார்கள். சேறும் மணலும் இலேசான கற்களும் விலகிப்போக, பாரமான கற்கள் அடியில் தங்கும். அவற்றை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்து நீலமும் புஷ்பராகமும் வைடூரியமும் பொறுக்கப்படும். பின்னர் அவை பேருவளைச் சோனக வணிகர்களின் கைகளுக்கு வந்து உலகச் சந்தைக்குச் செல்லும்.

அதே படையில் கற்களோடு கற்களாய் எலும்புத் துண்டுகளும் பற்களும் கிடந்தன. குழிக்காரனுக்கு அவற்றால் ஒரு சதமும் பயனில்லை. வீசிவிடுவான். தெரணியகல அவற்றைத் தேடிப் போனார். குழிக்காரர்களிடமும் குழிச் சொந்தக்காரர்களிடமும் சொல்லிவைத்துச் சேகரித்தார். ஆண்டுக்கணக்கில் சேர்ந்த இந்தக் கழிவிலிருந்து ஒரு தொலைந்த உலகம் மெல்ல எழுந்து வந்தது. இன்று ஆபிரிக்காவில் மாத்திரம் வாழும் நீர்யானையின் உறவினம் ஒன்று களுகங்கைப் படுக்கையில் குளித்துக் கிடந்திருக்கின்றது. காண்டாமிருகம் மேய்ந்திருக்கின்றது. காட்டெருதும் சிங்கமும் இருந்திருக்கின்றன. பிளைத்தோசீன் எனப்படும், சுமார் 26 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 11,700 ஆண்டுகளுக்கு முன் முடிவடைந்த பனியூழிக் காலத்தின் விலங்குகள் இவை. 'இரத்தினபுரி விலங்கினம்' என்று இன்று அழைக்கப்படும் இத்தொகுதியை 1958இல் வெளிவந்த தமது நூலில் இவர் விரிவாக எடுத்துரைத்தார்.

இவ்விலங்குகள் எவ்வழியாக வந்தன என்ற கேள்வி எமது குடாநாட்டுக்கு நேரடியாக உரியது. பனியூழியின் கடுங்காலங்களில் கடல்நீர் பெருமளவு பனியாகத் தரையில் உறைந்தமையால், கடல்மட்டம் இன்றிருப்பதிலும் ஏறத்தாழ 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. பாக்குநீரிணையின் பெரும்பகுதியோ சில பாக ஆழமே உடையது. ஆகவே அக்காலங்களில் நீரிணையென ஒன்று இருக்கவில்லை. இராமேஸ்வரம் முதல் மன்னார் வரையும், கோடிக்கரை முதல் பருத்தித்துறை வரையும் ஒரே தரை. சிங்கமும் காண்டாமிருகமும் இத்தீவுக்குள் நுழைந்த வாசல் அதுவே. இரத்தினபுரியில் பல் விட்டுச் சென்ற விலங்கின் முன்னோர் இன்றைய வடபுலத்தின் மண்ணை மிதிக்காமல் தெற்கே போயிருத்தல் அரிது.

இனி இவரது பணியில் குறைகாண வேண்டிய இடம். கண்டெடுத்த விலங்குகள் பலவற்றுக்கு 'சிங்ஹலேயஸ்' என்று இவர் பெயரிட்டார். காண்டாமிருகம், நீர்யானை, யானை, சிங்கம் எதுவும் தப்பவில்லை. கண்டெடுத்த நாட்டின் பெயரை இனத்துக்கு வைப்பது விலங்கியலாளரின் பழைய வழக்கம் என்று சமாதானம் கூறலாம். ஆனால் நாட்டின் பெயர் வேறு, அந்நாட்டில் வாழும் மக்களுள் ஒரு பகுதியினரின் பெயர் வேறு. மனித மொழி எதனையும் கேட்டிராத ஒரு நீர்யானைக்கு இனப்பெயர் சூட்டியதை, அக்காலத்தின் தேசிய உணர்வு அறிவியலின் வாயிலால் வெளிப்பட்டமை என்றே கொள்ளத் தோன்றுகின்றது. சிங்கத்தின் பல்லைக் காட்டி விஜயன் கதைக்குச் சான்று தேட முயல்வோர் இன்றும் உண்டு. அப்பல்லுக்குரிய விலங்கு பல பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இத்தீவிலிருந்து மறைந்துவிட்டது என்பதை அவர்கள் கருத்திற் கொள்வதில்லை.

விஞ்ஞான ரீதியாகவும் இப்பெயர்களுட் பல நிலைக்கவில்லை. சிறு வேறுபாடுகளைக் கொண்டே புதிய உபஇனங்களை வகுக்கும் பழக்கம் இவரிடம் மிகுந்திருந்தது. ஆறு புரட்டிப்போட்ட படிவில் வெவ்வேறு காலத்து எலும்புகள் கலந்து கிடக்கும் என்பதும் இவரது காலக்கணிப்பைச் சிக்கலாக்கியது. ஆயினும் அடிப்படைச் செய்தி நின்றுவிட்டது. இலங்கையில் சிங்கம் இருந்தது என்பதைப் பின்வந்த ஆய்வாளரும் ஏற்றுக்கொண்டுள்ளனர்.

பெயர்களைக் காட்டிலும் முக்கியமான இன்னொரு குறை உண்டு. அது இவருடையது என்பதைவிட, அந்தப் பிரம்புக் கூடையினுடையது. கூடையில் தங்கியவை யானையின் கடைவாய்ப்பல்லும் காண்டாமிருகத்தின் தாடைத்துண்டும் போன்ற பெரியவை. மூஞ்சூறு, வௌவால், சுண்டெலி போன்றவற்றின் பற்கள் மணற்பருக்கை அளவினவாதலால் சேற்றோடு ஓடிவிட்டன. இரத்தினபுரி விலங்கினம் பெரும் விலங்குகளின் அணிவகுப்பாகத் தோன்றுவதற்கு இதுவே காரணம். சிறியவை அக்காலத்தில் இல்லாமற் போகவில்லை. அவை பிடிபடவில்லை.

மூஞ்சூறு பிள்ளையாரின் வாகனமாக எமது கோயில்களில் இடம்பெற்ற பிராணி. அதனை எலி என்றே பலரும் எண்ணுவர். உண்மையில் எலிக்கும் அதற்கும் நெருங்கிய உறவில்லை. எலி கொறிக்கும் பிராணி. மூஞ்சூறோ பூச்சி, புழு, கரப்பான் ஆகியவற்றைக் கூரிய பற்களால் பிடித்துண்ணும் பூச்சியுண்ணி. முலையூட்டிகளின் மிகப் பழைய வாழ்முறை இதுவே. டைனோசர்கள் ஆண்ட காலத்தில் அவற்றின் காலடியில் ஒளிந்து வாழ்ந்த எமது தொலைமுன்னோர் பலர் இவ்வாறான சின்னஞ்சிறு பூச்சியுண்ணிகளே. இலங்கையோ மூஞ்சூறுகளில் வளம் மிக்க நாடு. மலைநாட்டின் நீள்நக மூஞ்சூறு ஒன்றை 1850இல் இலங்கையிற் பிறந்த மருத்துவர் கெலார்ட் விவரித்தார். வேறெந்த நாட்டிலும் இல்லாத இன்னொரு நீள்நக மூஞ்சூறு, தெரணியகலவுக்கு முன் நூதனசாலையை நிர்வகித்த ஜோசப் பியர்சனின் பெயரை 1924 முதல் தாங்கி நிற்கின்றது. 2007இல்கூட சிங்கராஜ வனத்திலிருந்து ஒரு புதிய மூஞ்சூறினம் அறிவிக்கப்பட்டது. உயிரோடு இருப்பவற்றையே இப்போதுதான் கண்டுகொள்கிறோம் என்றால், மறைந்தவற்றின் கணக்கை எவர் சொல்வது?

இத்தகைய சிற்றுயிர்களின் சுவடுகளைத் தேடும் கலையில் முன்னோடிகள் வட அமெரிக்கர். 1889ஆம் ஆண்டளவில் வயோமிங் மாநிலத்தில் டைனோசர் எலும்புகளைச் சேகரிக்கச் சென்ற ஜோன் பெல் ஹாட்சர் என்பவர் ஒரு விந்தையைக் கவனித்தார். அங்குள்ள எறும்புகள் தமது புற்றுகளின் மேற்புறத்தைச் சிறு பருக்கைகளால் மூடிவைப்பவை. அப்பருக்கைகளிடையே, ஆறரைக்கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட முலையூட்டிப் பற்கள் மினுங்கின. பல நாள் மண்டியிட்டுத் தேடினாலும் கிடைக்காததை எறும்புகள் அவருக்குப் பொறுக்கி வைத்திருந்தன. புற்றுகளை அள்ளிச் சலித்து நூற்றுக்கணக்கான பற்களைப் பெற்றார். பின்னர் 1940களில் கிளோட் ஹிபார்ட் என்ற அறிஞர், மண்ணை நுண்ணிய கம்பிவலைப் பெட்டிகளில் இட்டு நீரில் அலசும் முறையைச் செம்மைப்படுத்தினார். எறும்பின் வேலையை மனிதர் செய்யத் தொடங்கியது அப்போதுதான். வட அமெரிக்காவின் பழைய படிவுகளிலிருந்து பூச்சியுண்ணி இனங்கள் பெருந்தொகையாக வெளிவந்தமை இவ்வலைப்பெட்டியின் புண்ணியம்.

அண்டையிலும் ஒரு சான்று உண்டு. தக்காணத்தின் எரிமலைப் பாறைகளுக்கிடையே, இன்றைய தெலங்கானாவிலுள்ள நஸ்கல் கிராமத்தின் படிவுகளை அலசியபோது, 'தெக்கனோலெஸ்தஸ்' என்று பின்னர் பெயரிடப்பட்ட ஒரு சிறு பூச்சியுண்ணியின் பற்கள் கிடைத்தன. 1988இல் அறிவிக்கப்பட்ட அக்கண்டுபிடிப்பு, டைனோசர்களின் கடைசிக் காலத்தில் இந்தியத் துணைக்கண்டத்தில் வாழ்ந்த முலையூட்டிகளைப் பற்றிய எண்ணங்களை மாற்றியமைத்தது.

தெரணியகலவின் வாழ்வில் மண் சலிக்கும் வேலை மிகுந்து நடைபெற்றது குகைகளிலேதான். குருவிட்டவுக்கு அண்மையிலுள்ள பட்டதொம்பலென குகையையும் பிற குகைகளையும் இவர் அகழ்ந்தார். 1956இல் பெல்லன்பண்டி பெலெஸ்ஸ என்ற திறந்தவெளி வாழிடத்தில் மனித எலும்புக்கூடுகளைக் கண்டெடுத்தார். இக்கற்கால மனிதருக்கு இவர் சூட்டிய பெயரே 'பலாங்கொடை மனிதன்'. தனி உபஇனம் என்று இவர் கருதியதை இன்றைய ஆய்வாளர் ஏற்பதில்லை. அவர்கள் எம்மைப் போன்ற முழுமனிதரே. பெயர் மட்டும் பாடப்புத்தகங்களில் நிலைத்துவிட்டது.

தந்தை விட்ட இடத்திலிருந்து மகன் தொடர்ந்தார். 2021இல் காலமான சிரான் தெரணியகல அதே பட்டதொம்பலெனவை 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் மீண்டும் அகழ்ந்தபோது முறைகள் பெரிதும் மாறியிருந்தன. மண் படைபடையாக எடுக்கப்பட்டது. சிறு எலும்பும் எண்ணப்பட்டது. அவரது ஆய்வில் எமது பெயர் ஒன்றும் இடம்பெற்றது. கரையோரத்துச் செம்மண்ணும் பருக்கையும் கலந்த, கற்கருவிகள் தாங்கிய பழைய படிவுகள் புவியியலில் 'இரணைமடுப் படிவு' என்றே வழங்கப்படுகின்றன. களுத்துறை மாவட்டத்தின் பாகியன்கலை குகையிலிருந்து பெறப்பட்ட எலும்புகளை ஆராய்ந்து 2019இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, 45,000 ஆண்டுகளுக்கு முன்னரே இங்கு வாழ்ந்த மனிதர் குரங்கையும் அணிலையும் வேட்டையாடி உண்டனர் என்று காட்டியது. மழைக்காட்டில் மனிதர் நிலைத்தது பெருவிலங்கை நம்பியன்று, சிறுவிலங்கை நம்பியே என்ற முடிவு, மூத்த தெரணியகலவின் கூடைக்குத் தப்பிய அதே அளவிலான எலும்புகளிலிருந்து பிறந்தது.

இவற்றையெல்லாம் யாழ்ப்பாணத்திலிருந்து வாசிக்கும்போது மனதில் எழும் உறுத்தலை மறைக்க வேண்டியதில்லை. எமது குடாநாடு முழுவதும் உயிர்ச்சுவடுகளின் மீதே அமர்ந்திருக்கின்றது. கிணறு வெட்டும்போது வெளிப்படும் சுண்ணக்கல், மயோசீன் காலத்தில் இங்கு பரந்திருந்த ஆழமற்ற கடலின் அடித்தளம். சிப்பியும் முருகையும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களின் ஓடும் இறுகி உண்டான கல் அது. வேலண்ட், டேவிஸ் என்னும் இருவர் 1923இல் இலங்கையின் மயோசீன் படிவுகளைப் பற்றி விரிவாக எழுதினர். கடலடியில் உண்டான அக்கல்லுக்குள் சிங்கமோ மூஞ்சூறோ இருக்க நியாயமில்லை. ஆனால் சுண்ணக்கல் மழைநீரில் கரைந்து வெடிப்பும் குகையும் ஆகும் தன்மையது. நிலாவரையும் கீரிமலையும் அதன் விளைவுகள். இத்தகைய வெடிப்புகளில் மேலிருந்து விழுந்து நிரம்பும் மண்ணே உலகின் பல நாடுகளில் சிறுமுலையூட்டிகளின் எலும்புக் களஞ்சியமாக அமைந்துள்ளது. இந்தியாவிலிருந்து வந்த ஒவ்வொரு தரைவிலங்கின் வாசலும் இதுவாக இருந்தும், இரத்தினபுரிக்குக் கிடைத்தது போன்ற ஒரு தெரணியகல இவ்வாசலுக்குக் கிடைக்கவில்லை.

நாற்பது ஆண்டுகள், 1950 முதல் 1990 வரை, காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்காக இக்கல் அகழப்பட்டது. தொழிற்சாலை ஆயிரக்கணக்கானோருக்குச் சோறு போட்டது என்பதை மறுப்பதற்கில்லை. வெட்டிய கல் சூளைக்குப் போயிற்று. வெடிப்பில் நிரம்பிக் கிடந்த செம்மண் ஒரு புறம் தள்ளப்பட்டது. அதனை வலையிலிட்டு அலசிப் பார்க்கும் எண்ணம் எவருக்கும் எழவில்லை. பின்னர் போர் வந்தது. புத்தளத்தின் நிலையும் இதற்கு வேறானதன்று. அருவக்காட்டின் மயோசீன் படிவுகள் புவியியலாளர் நன்கறிந்தவை. அங்கும் சீமெந்துக்காகக் கல் அகழப்பட்டது. வெறுமையான குழிகளில் கொழும்பின் குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டும் திட்டத்தை எதிர்த்துப் புத்தளத்து மக்கள் 2018இலும் 2019இலும் வீதியில் இறங்கினர். 1990இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு அம்மாவட்டத்தில் வேரூன்றிய முஸ்லிம்களும் அம்மக்களுள் அடங்குவர். நிலத்தடி நீரையும் பிள்ளைகளின் உடல்நலத்தையும் பற்றி அவர்கள் பேசினார்கள். அதுவே முதன்மையானது. ஆனால் அக்குழிச் சுவர்களில் பதிந்திருந்த கடலைப் பற்றி அரச தரப்பிலும் எவரும் வாய்திறக்கவில்லை.

தெரணியகல ஓய்வு பெற்ற 1963ஆம் ஆண்டு ஜனவரியில் இரத்மலானைக் கரையில் ஒரு விசித்திரமான திமிங்கிலம் ஒதுங்கியது. அலகு போன்று நீண்ட வாயுடைய அது புதிய இனம் என்று கண்டு, கூரிய அலகு எனப் பொருள்படும் சிங்களச் சொல்லால் 'ஹொதவுல' என்று பெயரிட்டு அவ்வாண்டே வெளியிட்டார். இம்முறை இனப்பெயர் இடம்பெறவில்லை. அறிவியல் உலகம் அதனை ஏற்கவில்லை. ஜப்பானியர் 1958இல் விவரித்த இன்னொரு திமிங்கிலமே இதுவென்று சில ஆண்டுகளில் முடிவு கட்டி, அப்பெயரை ஒதுக்கிவிட்டனர். வித்தியோதயப் பல்கலைக்கழகக் கலைப்பீடாதிபதியாகவும் 1961 முதல் 1964 வரை விளங்கிய தெரணியகல 1970களில் மறைந்தபோது, அவரது நிலைக்காத பெயர்களின் பட்டியலில் அதுவும் ஒன்றாகவே இருந்தது.

அரை நூற்றாண்டு கழித்து, மாலைதீவு, செஷெல்ஸ், கிரிபட்டி முதலிய இடங்களில் ஒதுங்கிய சில திமிங்கிலங்களின் மரபணுக்களை ஒப்பிட்ட ஆய்வாளர் குழுவொன்றுக்குச் சந்தேகம் எழுந்தது. அவர்கள் கொழும்பு நூதனசாலையை நாடினர். 1963இல் இரத்மலானையில் எடுக்கப்பட்ட எலும்புகள் அங்கே பெயர்ச்சீட்டோடு பத்திரமாக இருந்தன. அவற்றிலிருந்து பெற்ற மரபணுவும் ஏனையவற்றோடு பொருந்தியது. தெரணியகல கண்டது தனி இனமே என்று 2014இல் அறிவிக்கப்பட்டு, அவர் இட்ட பெயரே மீளவும் வழக்குக்கு வந்தது.